பிள்ளைக்காக இல்லை, எனக்காக

கடைசிப் பிள்ளையோடு கருத்தடை ஒப்பரேசன் செய்துகொண்டேன். இனி ஆணுறை எதற்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

உடப்புக் கடற்கரையில் கருவாடு காயவைப்பது என் வேலை. கணவர் மீன்பிடிப் பருவத்தில் கிழக்குக் கரையில் வாடிக் குடிசை போட்டுத் தங்குவார். ஒருமுறை அவர் வந்துபோன பிறகு எனக்கு அடிவயிறு வலிக்கத் தொடங்கியது. கிளினிக்கில் பரிசோதித்த பெண் டொக்டர், அது பாலுறவால் தொற்றிய நோய் என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"மருந்துல சுகமாகும். ஆனா அவரும் மருந்து எடுக்கணும். ஒப்பரேசன் பிள்ளையைத்தான் தடுக்கும், நோயைத் தடுக்காது" என்று ஓர் ஆணுறைப் பெட்டியைக் கையில் தந்தார்.

கணவர் திரும்பி வந்த அன்று தேத்தண்ணி கொடுத்துவிட்டு, எல்லாவற்றையும் சொல்லி, அந்தப் பெட்டியை மேசையில் வைத்தேன்.

"என்ன கதை இது? ஒப்பரேசன் செய்தவளுக்கு இது எதுக்கு?" என்று சத்தம் போட்டார்.

"பிள்ளைக்காக இல்ல, எனக்காக. நீங்களும் மருந்து எடுங்க, இதையும் பாவியுங்க. இல்லாட்டி என் பக்கத்துல வராதீங்க."

கல்யாணமான பிறகு அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. கோபித்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார். சில நாள் முகம் கொடுத்துப் பேசவே இல்லை. நானும் இறங்கிப் போகவில்லை. பிறகு ஒரு காலை, சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"வா, கிளினிக்குக்குப் போவம்."

இருவருக்கும் முழுதாகச் சுகமானது. ஆணுறையும் எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது.

கூட வேலை செய்யும் பெண்களிடம் இதை வாய்விட்டுச் சொன்னேன். முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருத்தி கிட்ட வந்தாள்.

"அக்கா, அவரிட்ட எப்படிக் கதையைத் தொடங்கினீங்க?"

வெயிலில் நின்றபடியே சொல்லிக்கொடுத்தேன். என் உடம்புக்காக நானே பேசி வென்றேன் என்ற பெருமை இன்றும் எனக்குக் குறையவில்லை.