பல்பு வாங்கிய திங்கட்கிழமைகள்

பஞ்சாமிர்த டப்பாவின் மூடி இறுகிப்போய்த் திறக்க மறுத்தது. தன் வண்டியைச் சேர்த்துக்கொள்ளக் கேட்டு வந்த அக்கா அதைச் சேலைத் தலைப்பால் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தபோதுதான் தலைவர் தொண்டையைச் செருமிவிட்டுச் சொன்னார்: "இந்த சீசன் முடியட்டும் தாயி, பாப்போம்." கொடைக்கானலில் எங்கள் டாக்ஸி ஸ்டாண்டின் திங்கட்கிழமைக் கூட்டம் அது. டிரைவர்கள் அத்தனை பேரும் சுற்றி நின்றோம்.

புது வண்டி ஸ்டாண்டில் சேர ஒரு முறை உண்டு. முதலில் கூட்டம் சம்மதிக்க வேண்டும். பிறகு வண்டியைப் பழனிக்கு இறக்கி, அடிவாரத்தில் பூஜை போட்டு, பஞ்சாமிர்தம் வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டு வரிசையில் நிறுத்தலாம். அக்கா தலைகீழாகச் செய்துவிட்டார். "திங்கக்கிழம வா" என்று தலைவர் சொன்னதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, முந்தின நாளே பழனி போய், மாலை போட்ட வண்டியோடு வந்துவிட்டார். பின்னாலிருந்து ஒருவன், "அக்கா பல்பு வாங்கிருச்சுடா" என்றான். சிரிப்பு எழுந்தது.

இந்தப் பல்பை எந்தக் கடையிலும் விற்பதில்லை, ஆனால் வாங்காத மனிதர் கிடையாது. வெறும் ஏமாற்றம் என்றால் வீட்டுக்குள் அழுது தீர்த்துக்கொள்ளலாம். பல்புக்குப் பார்க்க நாலு பேர் வேண்டும். கிடைத்துவிடும் என்று நாம் நம்பியதை அவர்கள் பார்த்திருக்க வேண்டும், கிடைக்காமல் போனதையும் பார்க்க வேண்டும். பனி மூடிய வியூ பாயிண்டில் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டு, கம்பியைப் பிடித்து வெறும் வெள்ளைப் பனியைப் பார்த்துவிட்டுத் திரும்பும் ஆளைப் பார்த்தும் நாங்கள் அதையே சொல்வோம். அவரும் அசட்டுச் சிரிப்புச் சிரித்து வண்டியில் ஏறிக்கொள்வார். அதோடு விஷயம் முடிந்துவிடும்.

அக்காவுக்கு அப்படி முடிகிற விஷயமில்லை. பக்கத்துக் கிராமமான பேத்துப்பாறைக்காரர். எஸ்டேட் பிக்கப்பில் வண்டி பழகியவர். புருஷனுக்கு இடுப்பு போய் ஸ்டியரிங் பிடிக்க முடியாமல் ஆனபின், அக்கா இந்த வண்டியை ஓட்டினால்தான் வீட்டில் உலை. ஸ்டாண்டு வரிசையில் இடம் இல்லாத வண்டிக்கு சீசனிலும் சவாரி கிடைக்காது. தலைவர் கெட்டவரில்லை. பொம்பளை வண்டி ஓட்டி மலைரோட்டில் ஏதாவது ஆனால் பேச்சு தனக்கு வரும் என்று பயந்தார், அவ்வளவுதான். பயந்தவன் சொல்லும் "பாப்போம்"தான் உலகத்திலேயே நீளமான சொல் என்பது என் கருத்து.

அக்காவின் முகம் சிவந்துதான் போனது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் டப்பாவை விடவில்லை. மூடி திறந்ததும் முதல் ஸ்பூனைத் தலைவர் கையிலேயே வைத்தார். "சாமி பிரசாதம் அண்ணே, இதுக்கெல்லாம் சீசன் கெடையாது. அடுத்த திங்கக்கிழம வாரேன்" என்றார். பல்பு என்று சொன்னவனும் கையை நீட்டி வாங்கித் தின்றான்.

சொன்னபடி வந்தார். அதற்கடுத்த வாரமும் வெள்ளனே வந்து, கூட்டம் கூடும்வரை மழையில் நின்றார். ஒவ்வொரு முறையும் ஒரு "பாப்போம்", ஒவ்வொரு முறையும் ஒரு "சரிங்கண்ணே, அடுத்த வாரம் வாரேன்." சிரிப்பு வாராவாரம் தேய்ந்தது. வெட்கப்பட வேண்டியவர் வெட்கப்படாமல் நின்றால் சுற்றி நிற்பவர்களுக்குக் கண்ணை எங்கே வைப்பதென்று தெரிவதில்லை. நாங்கள் டயரைப் பார்த்தோம், வானத்தைப் பார்த்தோம். எனக்குள் மட்டும், விடாதே அக்கா, விடாதே என்று ஒரு குரல் கத்திக்கொண்டிருந்தது.

சீசன் முடிந்தது. அந்தத் திங்கட்கிழமை தலைவர் வாயைத் திறந்தார், மூடினார். கையிலிருந்த சாயாவை ஊதினார். யாரும் அவருக்கு வார்த்தை எடுத்துக்கொடுக்கவில்லை.

"சொல்லிருங்கண்ணே. எனக்கும் சோலி கெடக்கு. இல்லன்னா அடுத்த வாரம் வாரேன்" என்றார் அக்கா.

"வராத தாயி," என்றார் தலைவர். "வண்டியக் கொண்டாந்து வரிசைல போடு."

அக்கா போய் வண்டியை எடுத்து, என் வண்டிக்குப் பின்னால் கடைசியாக நிறுத்தினார். இன்ஜினை அணைத்தபின்னும் ஸ்டியரிங்கை விடாமல் வெகுநேரம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை என் கண்ணாடியில் பார்த்தேன்.