அக்காவின் முகம் ஒட்டிய பெட்டிகள்

பிள்ளைகளா, லீவுக்கு நாம் போனபோது சென்னை அருங்காட்சியகத்தில் ஒரு பெண்ணின் ஓவியத்துக்குக் கயிறு கட்டி, காவலுக்கு ஆளும் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு ஏழாயிரம்பண்ணை வீட்டின் பசை நாற்றம் ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்த என் அக்காவை, உங்கள் அத்தையை, மத்தாப்பு பிடிக்க வைத்து, லேபிளுக்குப் படம் வரைந்தார்கள். அந்த லேபிளை நானும் அம்மாவும் வீட்டில் பெட்டி பெட்டியாக ஒட்டினோம்.

"ஏலே, என் மூஞ்சியில பசையை அப்பாதலே" என்பாள் அக்கா.

"படத்துல இருக்குறது யாரு மூக்குடி? உனக்கு ஏது அம்புட்டு மூக்கு?" என்பாள் அம்மா.

அந்தப் பெட்டிகள் லோடு ஏறிப் போன மறுவாரம் கம்பெனியில் அக்கா வேலை பார்த்த அறை வெடித்தது. மாலை போட அக்காவுக்கு ஒரு போட்டோகூட இல்லை.

"ஒரு லேபிளாவது எடுத்து வச்சியாலே?" என்று அம்மா கேட்டாள்.

மிச்ச லேபிளைக் கம்பெனியில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நான் ஒன்று விடாமல் கொடுத்திருந்தேன். போய்க் கேட்டோம். அதற்குள் சாமி படம் போட்டுப் புது லேபிள் அடித்திருந்தார்கள்.

இதை அங்கேயே உங்களிடம் சொன்னேன். "அத்தை இந்தப் படம் மாதிரி இருப்பாகளாப்பா?" என்று சின்னவள் கேட்டாள். உங்களை அடுத்த அறைக்குக் கூட்டிப் போனேன். அந்த முகம் எனக்கு மறந்து பல வருடமாகிறது.