கண்ணாடி இல்லீங்க, மூடி

தகடு தொய்யத் தொடங்கியதும் கண்ணாடிக்காரர் பேச்சை நிறுத்திவிடுவார். நான் கேட்ட கேள்விக்கு "ஆமா" என்று சொல்ல வாயெடுத்து "ஆ" வரைக்கும் வந்திருந்தாலும் சரி, மீதி அப்புறம்தான். சிவந்த கம்பிச் சூடேற்றிக்குக் கீழே, மரச் சட்டத்தில் இறுக்கிய, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகடு முதலில் அலை அலையாக நெளியும். பிறகு விறைத்துக்கொண்டு தட்டையாகும். அதற்கும் பிறகு நடுவில் மெல்லப் பள்ளம் விழும். "மொதல்ல கோவிச்சுக்கும். அப்புறம் சமாதானமாயிடும். அப்புறம் அதுக்குத் தூக்கம் வரும். கண்ணு சொக்குது பாருங்க, அப்பவே புடிச்சிடணும்" என்பார்.

பிடிப்பது கண்மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும். சட்டத்தை இரண்டு கைகளாலும் தூக்கி, துளை போட்ட பெட்டியின் மேல் நிற்கும் சின்ன அச்சின்மீது அழுத்துவார். அதே நொடியில் வலது கால் பெருவிரல், தரையில் கிடக்கும் வாக்குவம் கிளீனரின் பொத்தானைத் தட்டும். ஒரே ஓர் உறுமல். பெட்டிக்குள் இருக்கும் காற்று உறிஞ்சப்பட்டதும் தகடு அச்சோடு போய் ஒட்டிக்கொள்ளும். ஐந்து எண்ணிவிட்டு அணைப்பார். அச்சிலிருந்து பிரித்து நறுக்கினால் உள்ளங்கையில் ஒரு குமிழ் நிற்கும். அலமாரியில் வைக்கும் மாதிரி விமானங்களில், விமானி உட்காரும் இடத்தை மூடுகிற குமிழ். கையில் ஏதாவது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

அந்த உறுமல்தான் எங்களைச் சேர்த்து வைத்தது. நான் அவருக்கு நேர் கீழ் வீடு. வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில், எழுதுகிறேன் என்று பேர் பண்ணிக்கொண்டு நான் உட்காரும் நேரத்தில், தலைக்கு மேல் ஏதோ ஒரு மிருகம் ஐந்து விநாடி உறுமிவிட்டு அடங்கும். பத்து நிமிடம் கழித்து மறுபடி உறுமும். சண்டை போடத்தான் மாடிப்படி ஏறினேன். அவருடைய மனைவி கதவைத் திறந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டிலும் அவருக்கு அதே பெயர்தான், கணவரே "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். நான் வந்த விஷயத்தைச் சொன்னதும், தன் பக்கம் சாட்சி சொல்ல ஆள் கிடைத்துவிட்ட மகிழ்ச்சி அவர் முகத்தில். அந்த வாக்குவம் கிளீனரை வாங்கி ஆறு வருடம் ஆகிறதாம், இதுவரை ஒரு சிட்டிகைத் தூசியைக்கூட அது எடுத்ததில்லையாம். "வீட்டைக் கூட்டறது நான். காத்தை உறிஞ்சறது அது" என்றார்.

கண்ணாடிக்காரர் என்ற பெயரை யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. அதை நம்பி உடைந்த மூக்குக்கண்ணாடியோடு வந்தவர்கள் உண்டு. ஜன்னல் அளவை எழுதிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "கண்ணாடி இல்லீங்க, மூடி." திங்கள் முதல் சனி வரை அவர் பல்செட் செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறார். வாயில் எடுத்த அச்சு மேசைக்கு வந்தால், அதிலிருந்து பல் வரிசையை உருவாக்கித் தருவது அவர் பொறுப்பு. ஒருவருடைய பல்லை வைத்தே அவருடைய குணத்தைச் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்வார். என் பல்லைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

அவர் ஒரு விமானம்கூடச் செய்ததில்லை. மூடி மட்டும்தான். விமானம் செய்யக் கடையில் விற்கும் பழைய மாடல் பெட்டிகளில் வரும் மூடிகள் மஞ்சளாகிவிடும், விரிசல் விடும், தொலைந்துபோகும். அப்படித் தொலைத்தவர்கள் எங்கெங்கிருந்தோ அவருக்கு எழுதுகிறார்கள். ஒரே ஒரு தடவை நிஜ விமானத்தில் போயிருக்கிறார், அதுவும் ஜன்னல் ஓரம். மேகம் எப்படி இருந்தது என்று ஆசையாகக் கேட்டேன். ஜன்னலில் எட்டுக் கீறல் இருந்ததாம், மூன்று மணி நேரமும் அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாராம்.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் நாள் அதன் அலமாரி காலியாக இருப்பதாகத்தான் நினைத்தேன். வெயில் ஜன்னலுக்கு வந்ததும் ஒவ்வொரு தட்டிலும் ஓரங்கள் மினுங்க ஆரம்பித்தன. நூற்றுக்கும் மேற்பட்ட குமிழ்கள், உள்ளே யாரும் இல்லாமல், எதையும் மறைக்காமல். அங்கே காலை பத்து மணி என்பது வெகுநேரம் பத்து மணியாகவே இருக்கும். கீழே தெருவில் போகிற பேருந்துகூட அந்த அறைக்குள் சத்தமாக வராது. சூடான பிளாஸ்டிக்கின் லேசான வாசனையில் நான் எத்தனையோ முறை உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்திருக்கிறேன். எழுந்து பார்த்தால் அவர் ஒரு மூடியைக் கண்ணுக்கு நேரே பிடித்து, அதன் வழியாக எதிர் வீட்டுக் கொடியில் காயும் துணிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். துணி வளையாமல் தெரிந்தால் மூடி தேறிவிட்டது என்று அர்த்தம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண் ஒருவர் பெரிய செருப்புப் பெட்டியைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு வந்தார். பெட்டிக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் ஒரு விமானம். அவருடைய அப்பா வாழ்நாளில் செய்த ஒரே விமானம் அது. சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையைப் பதினோரு மாதம் அடைத்துக்கொண்டு செய்தாராம். அப்பா போய் நான்கு வருடம். கைக்கடிகாரம் இவருக்கு, விமானம் அண்ணனுக்கு என்று அப்போதே பேசி முடித்திருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து அண்ணன் வரும் சனிக்கிழமை வருகிறான், எடுத்துப்போக. முன் ஓரத்தில் மூடி லேசாகத் தூக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து, நல்லபடியாகக் கொடுப்போமே என்று இவர், நொடியில் ஒட்டும் பசையில் ஒரு சொட்டு வைத்து அழுத்தியிருக்கிறார். மறுநாள் காலை பார்த்தால் மூடி முழுக்க வெள்ளையாகப் பனி படர்ந்திருந்தது. உள்பக்கம். வெளியே எவ்வளவு துடைத்தும் போகவில்லை.

"அப்பா பெயின்ட் அடிச்ச சீட்டு, குட்டிக் குட்டி மீட்டர் எல்லாம் உள்ள தெரியும் சார். இப்ப கதவைச் சாத்தினாப்ல இருக்கு. அண்ணன் மூஞ்சிய எப்படிப் பாக்கறது?"

கண்ணாடிக்காரர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அக்கறையாக ஒட்டுகிறவர்கள்தான் இந்தத் தப்பைப் பண்ணுவார்கள் என்றார். அந்தப் பசை காயும்போது ஆவி விடும். போக வழியில்லாவிட்டால் உள்ளேயே படிந்துவிடும். புது மூடி போட்டுவிடலாம், ஆனால் இந்த வகை விமானத்துக்குக் கடையில் மூடி கிடைக்காது. அவருடைய அப்பாவே தகட்டைச் சூடாக்கிச் செய்துகொண்டது இது. ஆகவே பழைய மூடியைக் கழற்றி, அதற்குள்ளேயே மாவை ஊற்றி அச்சு எடுப்பதுதான் சுருக்கு வழி. சனிக்கிழமைக்கு முன் முடிந்துவிடும் என்று சொன்னதும் அந்தப் பெண்ணுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மெல்லிய பிளேடால் விளிம்பைச் சுற்றி அறுத்து, மூடியை இடுக்கியால் தூக்கினார். கிண்ணத்தில் பல் அச்சு மாவைச் சமையலறைக் கரண்டியால் கரைத்தார். அந்த மாவு சில நிமிடங்களில் இறுகிவிடும், அதனால் எல்லாம் மளமளவென்று நடந்தது. மூடியை மல்லாத்திக் களிமண்ணில் நிறுத்தி, கிண்ணத்தைச் சாய்த்தவர், அப்படியே நின்றுவிட்டார். மாவு கிண்ணத்தின் உதட்டு வரை வந்திருந்தது.

கிண்ணத்தைக் கீழே வைத்தார். பூதக்கண்ணாடியை எடுத்து, விளக்கை இழுத்து, வெகுநேரம் பார்த்தார்.

"உள்பக்கம் நீங்க தொட்டீங்களாம்மா?"

திட்டப்போகிறார் என்று நினைத்து அந்தப் பெண் பதறிவிட்டார். சத்தியமாகத் தொடவில்லை, மூடி திறக்கவே இல்லை, வெளியிலிருந்துதான் அழுத்தினேன் என்றார். கண்ணாடிக்காரர் கையைக் காட்டச் சொன்னார். இரண்டு கட்டைவிரல்களையும் பார்த்துவிட்டுப் பூதக்கண்ணாடியை அவரிடமே கொடுத்தார். பனிக்குள் பனியாக, இன்னும் கொஞ்சம் வெள்ளையாக, ஒரு கட்டைவிரல் ரேகை. கோடு கோடாக வளைந்து ஏறி, நடுவில் மட்டும் ஒரு சாய்ந்த கோட்டில் எல்லாம் அறுந்திருந்தது.

"அப்பாவுக்கு வெட்டு இருந்துச்சு, கட்டைவிரல்ல. இதைச் செய்றப்பதான் பிளேடு பட்டுது" என்று அந்தப் பெண் சொன்னார்.

மூடியை வைத்து மூடுவதற்கு முன் என்றைக்கோ ஒரு நாள் அந்த அப்பா உள்ளே விரல் வைத்திருக்கிறார். அவருக்கே தெரிந்திருக்காது. யார் கண்ணுக்கும் தெரியாமல் இருந்த அந்த வியர்வைத் தடத்தில்தான் பசையின் ஆவி முதலில் போய் உட்கார்ந்திருக்கிறது. காவல்துறையினர் ரேகை எடுப்பதும் இந்த ஆவியை வைத்துத்தானாம், பின்னால் தெரிந்துகொண்டேன். மாவை ஊற்றினால் அச்சு கிடைக்கும், ரேகை போய்விடும். ஊற்றாவிட்டால் அண்ணன் வரும்போது விமானம் மொட்டையாக நிற்கும்.

"ஊத்திடுங்க சார். அண்ணனோட பொருள்" என்றார் அந்தப் பெண். சொன்ன வாய் ஒரு பக்கம் இருக்க, கை மூடிக்கு முன்னால் அணை கட்டினாற்போல் இருந்தது.

கண்ணாடிக்காரர் கிண்ணத்தை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். "இந்த மாவு சரியில்லம்மா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாங்க" என்றார். மாவு நன்றாகத்தான் இருந்தது. அதற்குள் டீச்சரின் கரண்டியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கல்லாக இறுகியிருந்தது, அவ்வளவுதான். கரண்டியைப் பற்றி டீச்சர் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த வாரம் அவர் பல் வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்தார். மூடியை ஒரு பலகையில் குப்புற வைத்து, ரேகை இருக்கும் உள்பக்கம் எதுவும் படாதபடி விளிம்பை மெழுகால் அடைத்து, வாயில் அச்சு எடுக்கும் ரோஜா நிறக் களிம்பை வெளிப்பக்கமாக ஊற்றினார். புதினா வாசனை மாடிப்படி வரை வந்தது. களிம்பு ரப்பர் மாதிரி ஆனதும் உரித்தெடுத்து, அந்தக் குழிக்குள் மாவை ஊற்றினார். வெளியிலிருந்து எடுத்த அச்சு என்பதால் தகட்டின் கனம் அளவுக்குப் பருமன் கூடியிருக்கும். அதை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துக் குறைக்க இரண்டு மாலை ஆயிற்று. பிறகு உறுமல்கள். முதலாவதில் தூசி. இரண்டாவதில் ஓரத்தில் சுருக்கம். மூன்றாவது உச்சியில் மெலிந்துவிட்டது. நான்காவதைப் பிடிக்கும் நேரத்தில் டீச்சர் தும்மினார். கீழே நான் ஒவ்வொன்றுக்கும் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். வியாழக்கிழமை ஐந்தாவது உறுமலுக்குப் பிறகு மேலே நிசப்தம்.

வெள்ளிக்கிழமை அந்தப் பெண் வந்தபோது விமானம் மேசைமேல் மூடியோடு நின்றது. ஆவி விடாத வெள்ளைப் பசையால் ஒட்டியிருந்தார். சீட்டு தெரிந்தது, அரிசி அளவு மீட்டர்கள் தெரிந்தன, ஒன்றின் முள் சற்றுக் கோணலாக இருந்ததும் தெரிந்தது. "அப்பாடா" என்று அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடிக்காரர் உள்ளே போய் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தார். கறுப்புத் துணிமேல் பழைய மூடி. பனி அப்படியே இருந்தது, விரலும்.

அண்ணனிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுவதாக அந்தப் பெண் முடிவு செய்திருந்தார். "ரெண்டையும் காட்டறேன். எது வேணுமோ அவனே எடுத்துக்கட்டும்" என்றார். குரல் அவ்வளவு உறுதியாக இல்லை.

பிறகு பழைய மூடியைக் கையில் எடுத்தார். உள்ளே அப்பாவின் விரல் இருந்த இடத்துக்கு நேர் வெளியே தன் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். நடுவில் ஒரு தாளின் கனம்தான். அவர் விரலை எடுத்தபோது வெளிப்பக்கம் ஈரமாகப் புதிதாக ஒரு தடம் விழுந்திருந்தது. கண்ணாடிக்காரரின் கை, பழக்கத்தில், துடைக்கத் தோளில் கிடந்த பருத்தித் துணிக்குப் போயிற்று. துணியை எடுத்தார். அதை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, மூடியைப் பெட்டிக்குள் வைத்துச் சாத்தி அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தார்.