இடுப்புக்கு வைத்த வெள்ளைத் துண்டு

நாற்பது தாண்டிய பிறகு என் இடுப்பு என்னைக் கேட்காமலே முடிவெடுக்கத் தொடங்கியது. காலையில் வேலைக்கு வரும்போது தம்பானூர் ஸ்டாண்டில் பஸ்ஸை விட்டு நான் இறங்கிவிடுவேன். இடுப்பு மட்டும் இறங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும். பழவங்காடிக்குப் பக்கத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண், என்னை ஸ்டூலில் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டருக்குள் தலையை நுழைத்துக்கொண்டா வேலை செய்கிறீர்கள் என்று மலையாளத்தில் கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். திரை கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும், பாதம் தரையில் படிய வேண்டும், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும், இடுப்பு வளைவில் ஒரு துண்டைச் சுருட்டி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சீக்கிரமே படுக்கையில்தான் என்றார்.

அன்றைக்கே ஒரு வெள்ளை டர்க்கித் துண்டு வாங்கினேன். சுருட்டி வைத்தால் நழுவி விழுந்தது. அதனால் ஒரு முனையை நாற்காலி முதுகின் மேலே போட்டு ஊக்கு குத்தினேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் ஊர் அரசு அலுவலகங்களில் நாற்காலி முதுகில் வெள்ளைத் துண்டு தொங்கினால் அதில் உட்காருகிறவர் ஆபீசர். பெயர்ப்பலகையை யார் படிக்கிறார்கள்? நான் வெறும் கிளார்க். ஆனால் மறுநாள் முதல் வந்தவர்கள் எல்லோரும் நேராக என் மேசைக்கு வந்து, மடித்துக் கட்டிய வேட்டியை மரியாதையாக இறக்கி விட்டுக்கொண்டு நின்றார்கள். வலியில் குனிய முடியாமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தேன்; அதுவும் தோரணையாகிவிட்டது. அரை மணிக்கு ஒருமுறை நடக்க எழுந்தால், பெஞ்சு முழுவதும் கூடவே எழுந்து நின்றது. ஆபீசர் மேடம் உள்ளே இருக்கிறார் என்று சொல்லத்தான் செய்தேன். கொஞ்சம் மெதுவாகச் சொன்னேன்.

எங்கள் மேடம் கோட்டைக்குள் இருக்கும் தமிழ் அக்ரஹாரத்து வீட்டுப் பெண். என்னைத் திட்டுவது மட்டும் தமிழில். அவர் அறையைத் தாண்டிப் போன ஒரு பெரியவரைக் கூப்பிட்டு விசாரித்தபோது, பெரிய சாரைப் பார்த்தாகிவிட்டது என்று அந்த மனிதர் பணிவாகச் சொல்லிவிட்டார். உடனே எனக்கு அழைப்பு வந்தது.

"என்னவாக்கும் இது? நான் அறியாம ஆபீசர் ஆயிட்டேளா?"

"நடுவேதனை, மேடம். இடுப்பு வலி தாங்கலை. டாக்டரம்மா வைக்கச் சொன்னா."

"துண்டை எடுங்கோ."

"எடுத்தா உட்கார முடியாது மேடம். ரிட்டயர்மெண்ட் வரைக்கும் இந்த இடுப்பை வச்சுதான் ஓட்டணும்."

மேடம் மேசையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். எனக்கு நன்றாகத் தெரிந்த எழுந்திருப்பு அது. தம் நாற்காலித் துண்டை உருவினார்.

"எனக்கும் உண்டு, கேட்டேளா. இதை எவ்விடம் வைக்கணும்?"

சுருட்டிக் காட்டினேன். சாய்ந்து கண்ணை மூடி "அப்பாடா" என்றார். பிழைத்தோம் என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தார்.

"செரி. நீங்க கலர்த் துண்டு வச்சுக்கோங்கோ. வெள்ளை வேண்டாம்."

என் மனைவி பெரிய ரோஜாப்பூ போட்ட ஆரஞ்சுத் துண்டு ஒன்றைக் கொடுத்தனுப்பினாள். சும்மா சொல்லக்கூடாது, வலி நன்றாகக் குறைந்துவிட்டது. வருகிறவர்கள் இப்போது நேராக மேடம் அறைக்குப் போகிறார்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து பெஞ்சு ஓரமாக நடக்கிறேன், ஒருவரும் அசைவதில்லை. வலி இருந்த நாட்களுக்காக ஏங்குகிறேன் என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். நேற்று ஒருவர் நீட்டிய காலை மடக்காமலே, "சாரே, டாய்லெட் எவிடெயா?" என்று கேட்டார். நன்றாக நிமிர்ந்து நின்று வழி காட்டினேன்.