கருத்து இல்லாமற்போன மூன்று நாள்

இப்ராஹீமிடம் எதைப் பற்றிக் கேட்டாலும் ஒரு கருத்து இருக்கும். இருபத்தாறு வருடமாகச் சிங்கப்பூரில் ஒரு தமிழ்ச் செய்தியறையில் உலகச் செய்திகளைப் பார்த்துக்கொள்பவர். அதுபோக, ஞாயிறுதோறும் 'சும்மா சில சொற்கள்' என்று ஒரு பத்தி. எங்கோ ஓர் ஆட்சி கவிழ்ந்ததில் ஆரம்பிப்பார். மான்செஸ்டர் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாமல் அந்த ஊர் அணிக்காகக் கோப்பிக் கடையில் சண்டை போடுகிறவர்களைச் சீண்டுவார். எம்ஆர்டி ரயில் நிலைய மின்படியில் வழிவிடாமல் நிற்பவர்களிடம் கொண்டுவந்து முடிப்பார். படித்தவர்கள் சிரித்தார்கள். அவருக்கு அது போதும்.

ஒரே மகன் ரமீஸ் சரக்குக் கப்பலின் இயந்திர அறையில் மூன்றாம் பொறியாளர். 'மெரிடின் ஹோப்' என்ற கப்பலில் ஏறி நான்கு மாதமாகியிருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் செய்தி நிறுவனத்திடமிருந்து நான்கு வரி வந்தது. செங்கடலில் ஒரு சரக்குக் கப்பல்மீது ஏவுகணைத் தாக்குதல். இயந்திர அறையில் தீ. மூவரைக் காணவில்லை. இப்ராஹீம் வழக்கம்போல் தமிழில் தட்டிக்கொண்டு போனார். 'பாதிக்கப்பட்டவர்களில் சிங்கப்பூரர் எவரும் இல்லை' என்று கடைசியில் ஒரு வரி சேர்ப்பது வழக்கம். அதற்கு இடம் விட்டுக் காத்திருந்தபோது இரண்டாவது குறிப்பு வந்தது. அதில் கப்பலின் பெயர் இருந்தது.

"சார், செங்கடல் முடிஞ்சிச்சா? ஆன்லைன்ல போடணும்," என்றாள் செய்தி ஆசிரியர் வர்ஷா.

"நீயே முடிச்சிடும்மா. ரமீஸ் அந்தக் கப்பல்லதான் இருக்கான்."

இப்ராஹீம் கப்பல் நிறுவனத்துக்கு ஒன்பது தடவை போன் போட்டார். பத்தாவது தடவை ஒரு பெண் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டு, தகவல் கிடைத்தால் கூப்பிடுவதாகச் சொன்னாள்.

வீட்டுக்குப் போக ரயில் ஏறியவர் லிட்டில் இந்தியாவிலேயே இறங்கிவிட்டார். மார்சிலிங் வீட்டில் மனைவி ரஷீதா இருப்பாள். அவள் முகத்தைப் பார்த்து இதை எப்படிச் சொல்வது?

பஃபலோ ரோட்டு டீக்கடையில் சேதுபதி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காய்கறிக் கடை வைத்திருப்பவர், இப்ராஹீமின் நெடுநாள் சிநேகிதர்.

"வாங்க பாய்! செங்கடல்ல அடிச்சிட்டானுங்களாமே. சரக்கெல்லாம் வெல ஏறுமா? என்ன நினைக்கிறீங்க?" பதிலுக்குக் காத்திராமல் அவர் கால்பந்துக்குத் தாவினார். "சனிக்கிழமை லிவர்பூல்தான் லா. எழுதி வச்சுக்குங்க."

போன மாதம் இதே மேசையில் தேநீர்க் குவளைகளை நகர்த்தி நகர்த்தி, கப்பல்கள் எப்படிச் சுற்றிப் போகும் என்று விளக்கியது இப்ராஹீம்தான். செங்கடல் மூடினால் நம் பிள்ளைகளின் கால்பந்துச் சட்டை இரண்டு வாரம் தாமதமாகும், அவ்வளவுதான் என்று பத்தியிலும் எழுதியிருந்தார். கப்பலிலிருந்தே அதைப் படித்துவிட்டு ரமீஸ் கைபேசியில் ஒரு சிரிப்புப் பொம்மை அனுப்பியிருந்தான். அந்தப் பொம்மை இப்ராஹீமுக்கு நினைவுக்கு வந்தது. தேநீரைத் தொடாமலே எழுந்துவிட்டார்.

ரஷீதா கதவைத் திறந்துவைத்து நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"வர்ஷா போன் பண்ணுச்சு. கப்பல் விஷயத்தைச் சொல்லிட்டு உங்களை விசாரிச்சுது. ரெண்டு மணி நேரமா எங்க போயிருந்தீங்க?"

அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தார்.

"உலகத்துல எல்லாரையும் தெரிஞ்ச மாதிரி எழுதுவீங்கல்ல. யாருக்காச்சும் போன் போடுங்களேன்."

அவள் குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே நம்பிக் கேட்டாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கைபேசியில் இருந்த அறுநூறு பெயர்களையும் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். கூப்பிட ஒருவர்கூட இல்லை.

புதன் போனது. வியாழனும் போனது. வெளியுறவு அமைச்சிலிருந்து பேசிய அதிகாரி, காணாமல்போன மூவரில் ரமீஸும் ஒருவன், தேடுகிறார்கள் என்று மட்டும் தன்மையாகச் சொன்னார். ரஷீதா தொழுகைப் பாயைச் சுருட்டவே இல்லை. இப்ராஹீம் தொலைக்காட்சியைப் போடுவதும் அணைப்பதுமாக இருந்தார். மற்றவர்களுக்குச் சோறு இறங்கிக்கொண்டிருக்கும்போது தான் படிக்கக் கொடுத்த சாவுகள் எத்தனை என்று முதல்முறையாக அவருக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பும்போது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"வாப்பா."

இப்ராஹீம் ரஷீதாவைக் கூவி அழைத்தார். ரஷீதா போனைப் பிடுங்கி அழுதாள், சிரித்தாள், கையில் தீக்காயம் எவ்வளவு என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். கடலில் குதித்த அவனையும் இன்னொருவரையும் மீன்பிடிப் படகு தூக்கியிருக்கிறது. கரையில் ஏதோ ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள்.

"உம்மா, ஜோயல் வரல," என்றான் ரமீஸ். "என்னை ஏணில ஏத்திவிட்டுட்டு அவரு திரும்பி உள்ள போனாரு. அப்புறம் வரவே இல்ல."

ஜோயல் அவனோடு வேலை பார்த்த பிலிப்பீன்ஸ்காரர். ஊரில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும்.

பள்ளிவாசலில் சஜ்தாவில் தரையில் நெற்றியை வைத்தபோது, அல்ஹம்துலில்லாஹ் என்று இறைவனைப் புகழத் தொடங்கிய இப்ராஹீம் பாதியில் நிறுத்திவிட்டார். மகன் பிழைத்துவிட்டான் என்ற சந்தோஷம் நெஞ்சை முட்டியது. அந்தச் சந்தோஷத்துக்காகவே கூச்சமாகவும் இருந்தது.

அந்த வாரம் பத்தி வேண்டாம் என்று வர்ஷாவிடம் சொல்லிவிட்டார். ரமீஸிடம் ஜோயல் வீட்டு முகவரியை வாங்கி, ஞாயிறு காலையில் அவர் மனைவிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். மூன்று தாள் கிழிந்தது.

ரஷீதா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ரமீஸோட உம்மா எழுதுறேன்னு ஆரம்பிங்க," என்றாள்.