நூற்றுப் பதினேழு பாய்க் கப்பல்

என் புதிய சிறுவர் கதைப் புத்தகக் கட்டைப் பிரித்ததும் எழுந்த பசை வாடை, படகுக்குப் பூசும் மீனெண்ணெய் வாடையாக மாறி, பழவேற்காட்டு முகத்துவாரத்தில் இன்று கடல் விழுங்கிவிட்ட அந்த மணல்மேட்டில் என்னைக் கொண்டுபோய் உட்காரவைத்தது. கோட்டைக்குப்பத்துப் பிள்ளைகள் நாங்கள், கடலுக்குப் போன பாய்மரப் படகுகளுக்காக மாலைதோறும் அங்கேதான் காத்திருப்போம். எதையும் எண்ணாமல் இருக்க முடியாத நான், ஒருநாள் திரும்பிவந்த பாய்களை உரக்க எண்ணிவிட்டேன்.

"எண்ணாதடா, ஒண்ணு கொறஞ்சிடும்" என்று என் வாயைப் பொத்தினாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அஞ்சலை. அவள் அப்பாவின் படகு மட்டும் இன்னும் வரவில்லை.

"அப்போ இன்னாத்த எண்ணுறது?"

"கல்லறைல ஒல்லாந்தர் கப்பல் செதுக்கிக் கீதே, அத்த எண்ணு."

பழைய டச்சுக்காரர் கல்லறைக் கல்லில் செதுக்கியிருந்த அந்தக் கப்பலில் இருந்தவை பத்தே பாய்கள். அவள் அழாமலிருக்க, இல்லாத பாய்களையும் சேர்த்து, பாய்க்கு ஒரு மாலுமி, மாலுமிக்கு ஒரு சேட்டை என்று நான் கூட்டிக்கொண்டே போனேன். நூற்றுப் பதினேழாவது பாயில் "நைனா" என்று கத்திக்கொண்டு அவள் தண்ணீரை நோக்கி ஓடினாள்.

எந்தக் கப்பலுக்கும் இத்தனை பாய் கிடையாது ஐயா என்றார், அந்தக் கப்பலையே கதையாக்கிய இந்தப் புத்தகத்துக்குப் படம் வரைந்தவர். ஒன்றைக்கூடக் குறைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். இப்போது அட்டைப்படத்துப் பாய்களை இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன். எல்லாம் வந்து சேர்ந்திருக்கின்றன.