மாமா கட்டிய வலைச் சட்டம்

மாமாவின் கைக்கு ஏர்கன் துப்பாக்கி வந்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. தோணியில் வேலை பார்த்த அவருடைய கூட்டாளி ஒருவர் அதைக் கொச்சியிலிருந்து வாங்கிவந்தார். அவர் மனைவி வீட்டுக்குள் விடவில்லை. அதனால் அது எங்கள் வீட்டுக்கு வந்தது. எங்கள் அம்மாவும் விடவில்லைதான். ஆனால் தம்பியிடம் அம்மாவின் பேச்சு எடுபடாது.

எழுபதுகளில் நாங்கள் திரேஸ்புரத்தில் கடலை ஒட்டிக் குடியிருந்தோம். மாமா சங்கு குளிக்கப் போகிறவர். காற்றுக்காலத்தில் கடலடி கலங்கிக் கிடக்கும், குளிப்பு கிடையாது. அந்த மாதங்களில் அவருக்கு வேலையும் இல்லை, வீட்டில் மரியாதையும் இல்லை. அந்த வருடம் கூடுதலாக ஒரு சண்டையும் இருந்தது. போன குளிப்பில் மாமாவின் காதிலிருந்து ரத்தம் வந்ததாக யாரோ அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். இனிக் கடலுக்குப் போகக்கூடாது என்று அம்மா. "தண்ணி பூந்துச்சுக்கா, அவ்வளவுதான். ஆறிப்போச்சு" என்று மாமா.

இந்தச் சண்டை எனக்கு முக்கியமாகப் படவில்லை. பின்வாசல் மதிலோரம் மாமா குறிபார்த்துச் சுட ஒரு சட்டம் செய்யப்போகிறார் என்பதுதான் முக்கியம்.

முதல் சட்டம் துறைமுகத்தில் கழித்துப்போட்ட பெட்டிப் பலகையில் செய்தது. காற்று அதை ஒரே தள்ளாகத் தள்ளிக் கோழிக்கூட்டின்மேல் போட்டது. நிமிர்த்தி வைத்தால், குண்டு பட்ட இடமெல்லாம் பலகை பிளந்தது. மிச்சத்தை உப்புக்காற்று பார்த்துக்கொண்டது. ஆணிகள் துருவேறி, சட்டம் ஒருநாள் தானாகவே பிரிந்து படுத்துக்கொண்டது.

குண்டு மதிலில் தெறிக்காமலிருக்கப் பின்னால் மூட்டை அடுக்கவேண்டும் என்றார் அப்பா. அவருக்கு உப்பளத்தில் வேலை. மண் கலந்த கழிவு உப்பு அங்கே சும்மா கிடந்தது. சாக்கில் கட்டிக் கொண்டுவந்து மாமாவும் அவரும் அடுக்கினார்கள். ஐப்பசியில் ஒரு மழை பெய்தது. காலையில் பார்த்தால் வெறும் சாக்குகள் துவண்டு கிடந்தன. பக்கத்திலிருந்த அம்மாவின் முருங்கையும் நாலைந்து நாளில் பட்டுப்போனது.

"உப்பளத்துல வேல பாக்குத மனுசனுக்கு உப்பு கரையும்னு தெரியலையாக்கும்" என்றாள் அம்மா.

"கரையும்னு தெரியும். மழை பெய்யும்னுதான் தெரியல" என்றார் அப்பா.

மூன்றாவது சட்டம்தான் நின்றது. மாமா இரண்டு மண்ணெண்ணெய் டின்களில் ஈர மணலை இடித்து நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு கழியை நட்டார். மேலும் கீழும் குறுக்குக் கழிகள். ஆணியே கிடையாது, மூலைகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். பலகைக்குப் பதிலாகக் கிழிந்த வலை. காற்று அதற்குள் புகுந்து போய்விடும். குண்டும் கண்ணி வழியாகப் போய், பின்னால் உப்புக்குப் பதில் அடுக்கிய மணல் மூட்டையில் புதைந்துவிடும். நூல் அறுந்தால் ஒரு முடிச்சுப் போட்டால் போதும். வலையில் தேங்காய்ச் சிரட்டைத் துண்டுகளைத் தொங்கவிட்டார். குண்டு பட்டால் சிரட்டை ஆடவேண்டும் என்பதில் மாமா பிடிவாதமாக இருந்தார். அதற்காகவே காற்று அடங்கிய விடிகாலையில்தான் சுடுவார். அப்படியும் சந்தேகம் வந்தால் என் முகத்தைப் பார்ப்பார்.

"மருமவனே, பட்டுட்டா?"

பின்னாலிருந்து கூப்பிட்டால் அவர் திரும்பமாட்டார். குறிபார்க்கிறவர்கள் அப்படித்தான் இருப்பார்கள் போலும் என்று, நானும் யார் கூப்பிட்டாலும் திரும்பாமல் இருந்து பார்த்தேன். அம்மாவிடம் முதுகில் இரண்டு வாங்கினேன்.

மழை ஓய்ந்து கடல் தெளிந்தது. மாமாவைக் குளிப்புக்குக் கூப்பிடப் படகுக்காரர் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியனுப்பினார். அவர் வருமுன் அம்மா வலையிலிருந்த சிரட்டைகளை அவிழ்த்தாள். ஒரு சாக்குத் துண்டைக் கட்டி, நடுவில் கரியால் புள்ளி வைத்தாள். சாக்குக்குப் பின்னால் பிஸ்கட் டின் மூடி ஒன்றைத் தொங்கவிட்டாள். நான் பார்ப்பதைக் கண்டு உதட்டில் விரல் வைத்தாள்.

"ஏலே, நீ குறிபாத்துச் சுடுதத அண்ணாச்சிக்குக் காட்டுலே" என்றாள், படகுக்காரர் வந்து உட்கார்ந்ததும்.

துப்பாக்கியைத் திட்டியே பழகிய அக்கா இப்படிச் சொன்னதில் மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. நிதானமாகக் குறிபார்த்துச் சுட்டார். ணங்கென்ற சத்தத்தில் கோழிகள் சிதறி ஓடின. படகுக்காரர் திடுக்கிட்டு எழுந்தே விட்டார்.

மாமா கண்ணைச் சுருக்கிச் சாக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "பட்டுட்டா?"

நான் வாயைத் திறக்குமுன் அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"படல போல" என்று அசட்டுச் சிரிப்புடன் மாமா அடுத்த குண்டைப் போட்டார்.

"கேட்டியளா அண்ணாச்சி?" என்றாள் அம்மா.

படகுக்காரர் தலையாட்டினார். செவிப்பறை கிழிந்தவரை ஆழத்துக்கு இறக்க எந்தப் படகுக்காரர் துணிவார்? மாமாவின் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். எதிரே நின்று பேசுகிறவர்களின் வாயைப் பார்த்தே மாமா அத்தனை மாதமும் சமாளித்திருக்கிறார். இதெல்லாம் நான் பெரியவனான பிறகு அம்மா சொல்லித் தெரிந்தது.

அம்மா மூடியை அவிழ்த்து மாமாவின் கையில் கொடுத்தாள். குண்டு பட்டுப் புதிதாக விழுந்திருந்த சொட்டையை அவர் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு மதிலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சண்டையில் ஜெயித்தவள் எதற்கு அழுகிறாள் என்று இருந்தது எனக்கு.

மாமா கடலுக்குப் போகவில்லை, இனி தினமும் சுடலாம் என்பது மட்டும்தான் எனக்கு விளங்கியது. அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்று ஆசையாகச் சொன்னேன்: "மாமா, இனிமே தகரமே கட்டுவோம். நல்லா சத்தம் வருதுல்லா."

வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் தெருவிலிருந்த பழைய மூடிகளையெல்லாம் பொறுக்கிவந்து, வலை நிறையக் கட்டி வைத்தேன்.